டேனியலின் காது

மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறைகளில் டேனியல் என்று கேட்டால் ஆளைத் தேடுவார்கள். லேப் டேனியல் என்று கேட்டால் டீக்கடைக்காரரே வழி சொல்வார். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரன், அதாவது பையர், விரல் நீளத்துக்குத் துணி ஒன்றை அனுப்பி, இதே நிறத்தில் நாற்பதாயிரம் டி-ஷர்ட் வேண்டும் என்பான். அந்த நிறத்தைச் சின்னக் குடுவைகளில் காய்ச்சி எடுத்து, ஏ, பி, சி என்று மூன்று துண்டுகளை அட்டையில் ஒட்டி அனுப்புவதுதான் டேனியலின் வேலை. லேப் டிப் என்பார்கள். பையர் ஒன்றைச் சரி என்று சொன்னால்தான் பட்டறை ஓடும். அவன் லேசில் சொல்லமாட்டான். வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்கிற கதைதான். சிவப்பு தூக்கல் என்பான், மஞ்சள் கம்மி என்பான், கடைசியில் போன தடவையே தேவலை என்பான்.

ஒருமுறை ஒரு ஆலிவ் பச்சைக்கு நான்கு தடவை வேண்டாம் என்று வந்துவிட்டது. டேனியலுக்குப் பொறுக்கவில்லை. பையர் அனுப்பிய மூலத் துணியிலேயே ஒரு ஓரத்தை வெட்டி, அதையே அட்டையில் ஒட்டி, ஐந்தாவது லேப் டிப் என்று அனுப்பிவிட்டார். பதில் வந்தது: மஞ்சள் அதிகம், மறுபடி செய்யவும். இந்தக் கதையை டேனியல் சொல்லாத கல்யாணப் பந்தி சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பாயசம் வரும்போது ஆரம்பித்து, மோருக்கு முடிப்பார். கேட்டவர்களே திரும்பக் கேட்டுச் சிரிப்பார்கள்.

அவருடைய இன்னொரு பெருமை கிடார். சேவூர்ப் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். அப்பா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர், மகன் கிடாருக்குத் தாவினார். அவரிடம் காலால் மிதிக்கிற பெடல்கள் இரண்டு இருந்தன. ஒன்று சத்தத்தைக் கரகரக்க வைக்கும். மற்றது எதிரொலிப் பெடல். கோயம்புத்தூரில் ஒரு பேண்டுக்காரர் துபாய்க்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதைக் கொடு என்று அவர் வாசலில் மூன்று வருடம் நடந்து வாங்கினார் டேனியல். அந்தப் பெடலில் ஒரு ஸ்வரத்தைத் தட்டினால் அது நான்கைந்து தடவை திரும்பி வரும். வருகிற ஒவ்வொரு தடவையும் துவைக்கத் துவைக்கச் சாயம் வெளுக்கிற துணிபோலக் கொஞ்சம் மங்கி வரும். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் முதல் கீதத்துக்கு முன்னால் பாடகர் குழு எழுந்து நிற்கும்போது, டேனியலின் கிடார் மட்டும் ஒரு நிமிடம் தனியாக வாசிக்கும். பதினான்கு வருடமாக அந்த ஒரு நிமிடம் அவருடையது. மற்ற நாட்களில் பையரின் வாயைப் பார்த்து வாழ்கிற மனுஷனுக்கு, யாரிடமும் சரி வாங்கத் தேவையில்லாத ஒரு நிமிடம்.

2007-இல் கோயில் பாடகர் குழுவுக்கு ஜெபக்குமார் வந்தான். சாத்தான்குளத்துக்காரன், முப்பது வயது, பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். முதல் ஞாயிறே ஒரு கிடாரையும், சாப்பாட்டுத் தூக்கைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தான். அது டிஜிட்டல் பெட்டி. பழைய பெடல்கள் எல்லாவற்றின் சத்தத்தையும் கணக்குப் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்களாம். சிவப்பு எழுத்தில் நம்பர் தெரியும், பொத்தானை மிதித்தால் அடுத்த சத்தம். டேனியலின் எதிரொலிப் பெடலும் அதில் முப்பத்தேழாம் நம்பராக இருந்தது. மங்கி வருவதுகூட இருந்தது. மூன்று வருடம் நடந்து வாங்கிய பொருள், இவனுக்கு முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் கிடந்தது.

டேனியலுக்கு வயிறு எரிந்தது. அவன் சிரித்தால் எரிந்தது, போதகர் அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எரிந்தது. பிளாஸ்டிக் பூவுக்கு வாசம் உண்டா என்று போகிற வருகிறவரிடமெல்லாம் கேட்டார். ஆனால் அந்த மாதமே, கோயம்புத்தூரில் ஒரு கடைக்குள் போய் அதே பெட்டியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றியது அவர் மனைவி நிர்மலா. பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அந்தத் தம்பி வாசிச்சாப் பாடறதுக்குச் சுலுவா இருக்குதுங்க. உங்களுது எங்க முடியுதுன்னே தெரியறதில்லீங்க" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் டேனியலை அதிகமாகச் சுட்டது.

நவம்பரில் குழுவில் பேச்சு எழுந்தது. இந்த வருடம் அந்த ஒரு நிமிடத்தை ஜெபக்குமார் வாசிக்கட்டுமே என்றார்கள். போதகர் யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். டேனியலின் காது எப்படிப்பட்ட காது, அந்தப் பெட்டியின் சத்தம் டேனியலின் தரத்துக்கு வந்துவிட்டது என்று டேனியலே சொன்னால் ஜெபக்குமார் வாசிக்கட்டும், இல்லையென்றால் எப்போதும்போல டேனியல் என்று முடித்துவிட்டார். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை.

டேனியல் அதை முறையோடு செய்தார். லேபில் துணியை ஒட்டுகிறபோது எது யாருடையது என்று பார்ப்பதில்லை, நிறத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். அதேபோல, சனிக்கிழமைப் பயிற்சியில் ஜெபக்குமார் ஹாலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்க வேண்டும், தான் வராந்தா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன் என்றார். கண் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்று விளக்கமும் கொடுத்தார். அவருடைய நேர்மையை எல்லோரும் மெச்சினார்கள்.

முதல் சனிக்கிழமை ஜெபக்குமார் வாசித்ததும் டேனியல் கண்ணைத் திறந்துவிட்டார். அவனுக்குத் தெரியாமல் தன் பெடலை யாரோ மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து எழுந்துபோய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவருடைய பெடல் மூலைப் பலகையில் ஒயர் இல்லாமல் கிடந்தது. ஜெபக்குமாரின் காலடியில் சிவப்பாக முப்பத்தேழு எரிந்தது. டேனியல் திரும்பி வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளிச்சம் கொஞ்சம் ஜாஸ்தி, இன்னும் மங்க வேண்டும் என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை அடிச் சத்தம் கம்மி என்றார். மூன்றாவது வாரம் சிவப்பு தூக்கல் என்று வாய் தவறி வந்துவிட்டது. ஜெபக்குமார் அதையும் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டான். வேலை முடிந்து வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குமிழாகத் திருகித் திருகிப் பார்க்கிறான் என்று நிர்மலா சொன்னாள். அவன் முகம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் சிறுத்தது. டேனியலுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூட. நான்காவது வாரம் போன வாரமே தேவலை என்றார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நிர்மலா அவரை விட்டுவிட்டு வேகமாக முன்னால் நடந்தாள்.

ஐந்தாவது சனிக்கிழமைதான் கடைசி. அதற்கு அடுத்த வாரம் ஆராதனை. பட்டறையில் ஒரு கருநீலம் சரியாக வராமல் டேனியலுக்கு நேரமாகிவிட்டது. அவர் வந்தபோது ஹால் கதவு சாத்தியிருந்தது, உள்ளே கிடார் கேட்டது. வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். வாசிப்பு நின்றதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னுங் கொஞ்சம் கொறையுதுங்க தம்பி. என்ன இருந்தாலும் மிசினு மிசினுதானுங்க. அந்த உசுரு இதுல இல்லீங்க."

கதவு திறந்தது. ஜெபக்குமார் கிடாரோடு வாசலில் வந்து நின்றான். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

"அண்ணே, நான் இன்னைக்குப் பொட்டி கொண்டு வரலண்ணே. நேத்து கரண்ட் ஏறி எறங்கினதுல அடாப்டர் கரிஞ்சு போச்சு. நீங்க வர்றதுவரைக்கும் இதுல வாசின்னு நிர்மலா அக்காதான் சொன்னாவ. இது உங்க பெடல்ண்ணே. கேக்காம எடுத்துட்டேன், மன்னிச்சுக்கிடுங்க."

அவன் உண்மையாகவே பெடலை எடுத்ததற்குத்தான் மன்னிப்புக் கேட்டான். டேனியல் அவன் தோளுக்கு மேலே பார்த்தார். பலகையிலிருந்து இறக்கப்பட்ட அவருடைய பெடல் தரையில் இருந்தது, அதன் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பாடகர் குழு நின்றது. யாராவது சிரித்திருந்தால் டேனியல் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். ஒருவரும் சிரிக்கவில்லை. நிர்மலா குனிந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினாள்.

பதினான்கு வருடத்தில் அவருக்கு அந்தப் பெடலின் ஒவ்வொரு இருமலும் தெரியும். இன்றைக்கு அவர் காது எதையுமே கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருப்பது ஜெபக்குமார் என்பது மட்டும்தான் அதற்குக் கேட்டது. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது, வெட்கமாக இருந்தது.

எழுந்து நின்றார். அடாப்டர் எத்தனை வோல்ட் என்று கேட்டார். ஒன்பது என்றான். திங்கட்கிழமை தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். படியிறங்கப் போனவர் நின்றார்.

"மொத வாரம் ஒரு சத்தங் கொண்டாந்தீங்களே, அதையே வாசிங்க தம்பி. அன்னைக்கே அது சரியாத்தான் இருந்துச்சுங்க."

ஜெபக்குமாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகும் அவன் சரிண்ணே என்று மட்டும்தான் சொன்னான். பாக்கெட்டிலிருந்த நோட்டை அவன் தொட்டுப் பார்த்துக்கொண்டதை டேனியல் கண்டார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜெபக்குமார் வாசித்தான். டேனியல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நன்றாக இருந்தது, வயிறும் எரிந்தது. பெட்டி அவருடைய பெடலைப்போலவே மங்கி மங்கி அடங்கியது. பக்கத்தில் இருந்தவர் எப்படி என்று கேட்டபோது, குறை ஒன்றும் இல்லை என்று சொன்னார். அதைச் சொல்ல அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

லேப் வேலை இன்றும் அவருடையதுதான். பையர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள். ஆனால் கல்யாணப் பந்தியில் யாராவது அந்த ஆலிவ் பச்சைக் கதையைச் சொல்லுங்களேன் என்று எடுத்துக் கொடுத்தால், டேனியல் காதில் விழாததுபோல, ரசத்தை இந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்லிவிடுவார்.