கன்றுக்குட்டி கேக்

எழுபதுகளில், சித்தூரில் எங்கள் தேவாலயச் சபையில் கேக் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். அடுப்பின் மேல் மணல் பரப்பிய அலுமினியச் சட்டி, அவ்வளவுதான் என் வசதி. அதிலேயே ரயில், வீடு, பூக்கூடை எதையும் செய்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

என்னோடு வேலை பார்த்த கமலா, தன் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கேக் கேட்டாள். புத்தூர் பக்கம் விவசாயக் குடும்பம். சிறுமிக்கு வீட்டுக் கன்றுக்குட்டி மேல் உயிர் என்றாள். அதையே செய்தேன். கோகோ போட்ட பழுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கண்களுக்கு இரண்டு கறுப்பு திராட்சை. பஸ்ஸில் வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

சிறுமி அதன் நெற்றியைத் தடவிச் சிரித்தாள். அவள் அப்பா கத்தியை நீட்டியதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“வேணாம் நைனா, அதுக்கு வலிக்கும்.”

மாடு வளர்க்கும் வீட்டில் கன்றின் மேல் யார் கத்தி வைப்பார்கள்? எனக்கு அது உறைக்கவில்லை. உள்ளே தடவியிருந்த சிவப்பு ஜாமை எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற அவசரம். “கேக்தானேம்மா” என்று அவள் கையைப் பிடித்து, கேக் கன்றின் கழுத்தில் கத்தியை இறக்கினேன். ஜாம் கசிந்தது.

அலறிக்கொண்டு கொட்டகைக்கு ஓடியவள், நிஜக் கன்றின் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப உயிரா பண்ணிட்டீங்கக்கா. அதான் யாருக்கும் துன்ன மனசு வரல.”

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அதன் பிறகும் எத்தனையோ கேக் செய்தேன். ஒன்றுக்கும் கண்கள் பதித்ததில்லை.