மலையேற முடியாத வீட்டின் முடி காணிக்கை

மாதேசுவரன் மலையை நோக்கிக் கைகுவிக்கும் அன்பர்கள் அனைவர்க்கும் என் வணக்கம். அருள் கிடைத்த செய்தியை மலர்ந்த முகத்துடன் சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு அது இயலவில்லை. என் இறைவன் எங்களுக்கு வழிவிட்டான். ஆனால் என் மனைவியை எடுத்துக்கொண்ட பின்னரே விட்டான். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் மைசூரில் ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி மரகதம், மலைக்குப் போகும் வழியிலுள்ள ஹனூர்ப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவள். மணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் பூங்கொடி. சென்ற ஆண்டு அவள் பொறியியல் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்தாள். நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கத் தொடங்கிய ஐப்பசித் திங்களில் மரகதம் மலைக்குச் சென்றாள். மகளுக்கு நல்ல வேலை அமைந்தால் தன் தலைமுடி முழுவதையும் இறக்கிக் காணிக்கையாகத் தருவதாக நேர்ந்துகொண்டு திரும்பினாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல் அது.

"ஏனுங்க, சாமிகிட்ட சொல்லிப்போட்டேன். மொட்டைத் தலையோட வந்து நின்னா ஊட்டுக்குள்ள உடுவீங்கல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"வேலை எனக்கு, மொட்டை உங்களுக்கா? சூப்பர் டீல்மா!" என்று மகள் சிரித்தாள். இந்த வீட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்த நாள்களுள் அதுவே எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

தைத் திங்களில் மரகதத்துக்குக் குருதிப் புற்று என்று மருத்துவர்கள் கூறினர்.

அதன்பின் என் மகளின் கல்லூரி நாள்கள் மருத்துவமனையிலேயே கழிந்தன. தாயின் கட்டிலருகே அமர்ந்து செய்முறை அறிக்கை எழுதினாள். இறுதி நேர்காணலைக்கூட மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டுதான் முடித்தாள். திரையில் தெரியும் அளவுக்கு மட்டும் தேய்த்த சட்டை. கீழே கசங்கிய வீட்டுடை. அழைப்பைத் துண்டித்த கையோடு உள்ளே ஓடிவந்தாள். தலையணையில் உதிர்ந்து கிடந்த தாயின் முடியைத் திரட்டத் தொடங்கினாள்.

மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நோவுக்கு அழாத மரகதம் அதற்கு அழுதாள்.

"சாமிக்குன்னு சொன்ன முடி, கண்ணு. இப்பிடித் தலகாணியில போகுதே."

"நான் எடுத்து வெக்கறேன்மா. இதையே கொண்டுபோய்க் குடுத்துடலாம்."

"உதுந்தது சாமிக்கு ஆகாது கொடி. தலையில இருந்து எடுத்துத்தான் குடுக்கோணும். மறுக்கா வளரட்டும்."

வளரவில்லை. சித்திரை முடியுமுன்னே அவள் போய்விட்டாள்.

வைகாசியில் பணி நியமன ஆணை வந்தது. மைசூரிலேயே நல்ல நிறுவனம். ஆடி அமாவாசையை அடுத்து வரும் திங்கட்கிழமை பணியில் சேரவேண்டும். மகள் அதை ஒருமுறை படித்தாள், மடிக்கணினியை மூடினாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய தோழியர் ஒவ்வொருவராய் வேலைக்குச் சென்றனர். கழுத்தில் அடையாள அட்டையுடன் அவர்கள் அனுப்பிய படங்கள் அவள் அலைபேசியில் வந்து குவிந்தன. எதையும் அவள் திறக்கவில்லை. நிறுவனம் இருமுறை செய்தி அனுப்பியது. மறுமொழி இல்லை. நான் சமைத்த உப்புமாவை இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். வற்புறுத்தினால், கன்னடம் கலந்து, "பேடப்பா, சாக்கு" என்பாள். வேண்டாம், போதும். வாழ்க்கை முழுவதையுமே அவள் அப்படி நகர்த்தி வைப்பதாக எனக்குத் தோன்றியது.

ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"அம்மா நேர்ந்துதான் இந்த வேலை வந்துச்சு. நேர்ந்ததக் குடுக்கல. குடுக்காம நான் எப்படிப் போய் அங்க உக்கார்றது? அம்மாவ ஏமாத்தின மாதிரி இருக்குப்பா" என்றாள்.

"மலைக்குப் போவோமா?" என்றேன். எண்ணிப் பாராமல் வாயில் வந்த சொல்.

அவள் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "சாவு விழுந்த வீடுப்பா. ஒரு வருஷம் மலைக் கோவில் ஏறக்கூடாது. தாத்தா செத்தப்ப அம்மா ஒரு வருஷம் ஏறினாங்களா? அம்மா செய்யாதத நான் செய்யமாட்டேன்."

அவள் கூறியது சரி. என் குடும்பத்திலும் மரகதத்தின் குடும்பத்திலும் மாறாத வழக்கம் அது. மலை ஓராண்டு காத்திருக்கும். வேலை காத்திராது. என் மகளோ, காணிக்கை செலுத்தாமல் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். மனைவியை இழந்தேன், மகளையும் கண்ணெதிரே இழந்துகொண்டிருந்தேன்.

அன்று மாலை, புலிமேல் அமர்ந்த மாதேசுவரன் படத்தின்முன் விளக்கேற்றி நின்றேன். "அப்பனே, அவள் உன்னிடம் கேட்டாள், நீ தந்தாய். உனக்குத் தருவதாகச் சொன்னதை அவள் கையிலிருந்து நீயே பறித்துக்கொண்டாய். நாங்கள் உன்னிடம் வர வழியில்லை. என் பிள்ளையை எழுப்பு" என்று மட்டும் சொன்னேன். அழுதேன். நாள்தோறும் அதையே சொன்னேன். அமாவாசை நெருங்கிவிட்டது.

எதிர்வீட்டில் செல்வி என்றொரு பெண் இருக்கிறாள். சேலத்துப் பக்கம். கணவன் முருகன் கொத்தனார். பேச்சுத்துணைக்கு ஆளின்றி இந்த ஊருக்கு வந்தவளுக்கு மரகதம்தான் எல்லாம். மாலையில் மைசூர் மல்லிகை வாங்கினால் மரகதம் சரத்தை இரண்டாக நறுக்கி, ஒரு துண்டை மகளுக்கும் மற்றொன்றைச் செல்விக்கும் வைத்துவிடுவாள். செல்விக்கும் நீண்ட சடை. "இந்தச் சடையப் பாத்துதான் எங்க வூட்டுக்காரரு மயங்கி விழுந்தாரு. மூஞ்சிய அப்பறந்தான் பாத்தாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் செல்வி ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, அமாவாசைக்கு நாங்க மலைக்குப் போறோம். காணிக்கை ஏதாச்சும் மஞ்சத் துணியில முடிஞ்சு குடுக்கறீங்களா? சேத்துடறேன்."

மலைக்குச் செல்வோர் அக்கம்பக்கத்தாரிடம் இவ்வாறு கேட்டுச் செல்வது வழக்கம். நான் மறுமொழி கூறுமுன் உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது.

"காசு முடிஞ்சு குடுத்தா தீராதுக்கா. அம்மா தலைய நேர்ந்திருந்தாங்க."

செல்வி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "சரி பாப்பா, போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு பிற்பகல் முருகனின் குரல் வாசலில் கேட்டது. "ஐயா! பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மலைக்குப் போனேன். ஒரு சாமியாரு கூட வந்துட்டாரு, பாருங்க!"

"ஏய், சும்மா இருய்யா" என்று அவனை அதட்டிக்கொண்டே செல்வி உள்ளே வந்தாள். தலையை முந்தானையால் மூடியிருந்தாள். நேரே என் மகளின் அறைக்குச் சென்று முந்தானையை விலக்கினாள். மழித்த தலை. அதன்மேல் காய்ந்த சந்தனம்.

"அக்கா... உங்க சடை!" என்றாள் பூங்கொடி.

"என் சடை இல்ல பாப்பா. முடி எடுக்கறவருகிட்ட உக்காரும்போதே, இது மரகதம் குடுக்கற முடின்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தேன். சாமிகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். என் பையன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில என் தலமாட்டுல நின்னது அக்காதானே? எனக்கு வளந்துரும். நீ எந்திரி."

என் மகள் எழுந்தாள். கையை நீட்டி அந்தத் தலையைத் தொட்டாள். மெல்ல, முன்னும் பின்னும், உள்ளங்கையால் தடவினாள். கடைசி நாள்களில் தன் தாயின் தலையை அப்படித்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா தலையும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். அடக்கஞ்செய்த நாளில்கூட அழாத பிள்ளை செல்வியின் தோளில் விழுந்து கதறினாள். முருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். நான் படத்தின்முன் சென்று நின்றேன்.

இரவு அவள் வயிறார உண்டாள். மடிக்கணினியைத் திறந்து, வருகிறேன் என்று நிறுவனத்துக்கு எழுதினாள். மறுநாள் நிறுவனப் பேருந்தில் ஏறினாள். மாலையில் திரும்பியவள் காலணியைக் கழற்றும்போதே, "அம்மா!" என்று அழைத்துவிட்டாள். கழற்றிய காலணியைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தாள். பிறகு, "காப்பி போடட்டுமாப்பா?" என்று கேட்டாள். முதல் நாள் பணியைப் பற்றி அடுப்படியில் நின்றபடி எனக்குச் சொன்னாள்.

ஒருவர் நேர்ந்ததை மற்றொருவர் செலுத்தலாமா என்று நான் எந்த நூலையும் புரட்டிப் பார்க்கவில்லை. என் பிள்ளை எழுந்தாள். எனக்கு அதுவே சான்று. நாங்கள் செல்ல முடியாத மலையிலிருந்து அவன் எதிர்வீட்டுப் பெண்ணின் உருவில் எங்கள் வீட்டுக்குள் நடந்து வந்தான். ஆயினும் மரகதம் வரவில்லை. அவளுடைய உதிர்ந்த முடி வைத்த மஞ்சள் பை என் அலமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்றளவும் எனக்குத் தெரியவில்லை.

அன்பர்களே, உங்களில் எவர்க்கேனும் கோவிலுக்குச் செல்லும் வழி அடைபட்டிருந்தால், கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். அழுகையினூடேயும் கேளுங்கள். விடை எந்த வாசலிலிருந்து வரும் என்று நாம் அறியோம். எனக்கு அது தெருவைக் கடந்து வந்தது.

ஓராண்டு நிறையச் சில திங்கள்கள் உள்ளன. நிறைந்ததும் இரு குடும்பமும் சேர்ந்து மலையேறுவோம். இப்போது செல்வியின் முடி காதளவு வளர்ந்திருக்கிறது. நாள்தோறும் மாலையில் வேலையிலிருந்து வரும்போது என் மகள் மல்லிகை வாங்கி வருகிறாள். சரத்தை இரண்டாக நறுக்குகிறாள். செல்வியின் தலையில் பூ நிற்பதில்லை. வழுக்கி வழுக்கி விழுகிறது. "ஆடாம உக்காருங்கக்கா" என்று கடிந்துகொண்டே, ஊசி குத்தி, மறுபடியும் வைக்கிறாள்.