அக்காவின் குறைகளை நான் சொன்ன நாள்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது. உடன்பிறந்த தம்பியான எனக்கு அக்காவின் மீது பாசத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது. அதை மறைத்து எழுதினால் எங்கள் இருவரையும் அறிந்த நீங்கள் நம்பப்போவதில்லை.

அக்கா பேரையூரில் பிறந்தவர். அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன அப்பா அம்மாவுக்கு முதல் பிள்ளை. இரண்டு வருடம் கழித்து நான். பள்ளியில் அவர் முதல் மதிப்பெண் வாங்கினார். நான் 'அவ தம்பி' என்று பெயர் வாங்கினேன். மதுரையில் இன்ஜினியரிங் படித்தபோது, விமானப்படையில் அதிகாரியாகிச் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார். மறுவாரமே அது என் ஆசையும் ஆயிற்று. நான் நினைத்திருக்க வேண்டியதை அவர் முந்திக்கொண்டாரே என்று வயிறு எரிந்தது.

என் படிப்பும் முடிந்ததும் ஆரப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் தங்கி இருவரும் தயாரானோம். விடிந்ததும் ஓட்டம், பிறகு சுற்றுப்பாதைக் கணக்குகள், மாலையில் கே.கே. நகரில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரிடம் பயிற்சி. ஓட்டத்திலாவது முந்தலாம் என்று பார்த்தால், அக்கா முன்னால் போய் நின்று, "மெதுவா வாடா, நிக்கிறேன்" என்பார். அந்த 'நிக்கிறேன்' எனக்கு ஆகவே ஆகாது.

எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். அடுத்தது ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. உங்கள் வீட்டார் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அதில் எழுதச் சொல்வார்கள். வீட்டில் கேட்டு உண்மையை எழுதுங்கள் என்றார் பயிற்சியாளர். அக்காவுக்குத்தான் முதலில் அழைப்பு வந்தது. நோட்டும் பேனாவுமாக என் முன்னால் உட்கார்ந்தார்.

"என் குறையெல்லாம் சொல்லுடா. பூசி மெழுகாம சொல்லு."

குறையை எழுதிக் கொடுப்பவரை எந்தப் படையும் எடுக்காது என்பது என் கணக்கு. ஆரம்பித்தேன்.

"புடிச்ச புடிய விடமாட்ட. யாரு சொன்னாலும் கேக்கமாட்ட. தோத்தா ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

"இம்புட்டுத்தானா?"

"இன்னும் இருக்கு" என்று அரை மணி நேரம் சொன்னேன். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். உள்ளுக்குள் எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அக்கா தேர்வானார். அடுத்த மாதம் நான் போனேன். 'அளவுக்கு மீறி உழைப்பதே என் ஒரே குறை' என்று எழுதினேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் அக்காவை மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிலாவுக்கு எப்பம்மா போற?"

"நிலாவுக்கெல்லாம் இல்ல சித்தி. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, மேல என்னென்ன சுத்துதுன்னு பாக்கணும்."

அவர்களுக்குக் காபி கொடுக்கும் வேலை எனக்கு. டம்ளரைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

பயிற்சி முடித்துச் சில ஆண்டுகளில், அக்கா ஆசைப்பட்ட பிரிவிலேயே அமர்ந்தார். அங்கே இரண்டு வருடம்கூட முழுதாக வேலை பார்க்கவில்லை, ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது. மருத்துவமனையில் ஒரு மதியம் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீ தோக்கணும்னுதான் அதையெல்லாம் சொன்னேன்."

"தெரியும்டா. உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சே. அம்மாகிட்டயும் கேட்டேன், 'எம்மகளுக்கு என்ன குறை'ன்னுருச்சு. நீ சொன்னதுதான் எழுத இருந்துச்சு. அங்க கேட்ட கேள்வி பூராம் அதுலதான். எனக்கு உதவுனவங்கன்னு எழுதுனா உன் பேரையும் போடணும்."

தெரிந்துகொண்டேதான் இத்தனை வருடம் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சட்டை எடுத்து வந்திருக்கிறார். என்ன மனசய்யா அது! அதில் பாதி எனக்கு வாய்க்கவில்லையே என்று இப்போதும் பொறாமைதான்.

ரத்தம் கொடுத்த அக்காவின் படைப்பிரிவுத் தோழர்கள், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்கள், கடைசிவரை வந்து உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் ஐயா, தோள் கொடுத்த ஊர் உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்கா சேர்க்கச் சொன்ன ஒரு பெயரை மட்டும் இந்த வரிசையில் நான் சேர்க்கவில்லை.