மூன்று புள்ளியா, நான்கு புள்ளியா

கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பது என் பிழைப்பு. ஹாம் ரேடியோ என் கிறுக்கு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்வீட்டுத் தென்னைமரம் வரை ஒரு நீளமான செப்புக் கம்பி கட்டியிருக்கிறேன். அதில் எண்பது மீட்டர் அலைவரிசையில் மோர்ஸ் அடித்து, உலகத்தின் எந்த மூலையிலாவது யாராவது பதில் சொல்கிறார்களா என்று காத்திருப்பேன். இந்த அலைவரிசை வெகுதூரம் போக வேண்டுமானால் இங்கேயும் இருட்டாக இருக்க வேண்டும், அங்கேயும் இருட்டாக இருக்க வேண்டும். அதனால் விடியற்காலை எழுந்து உட்காருவது பழக்கமாகிவிட்டது. என் கணவர் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது.

போன மார்கழியில் தெற்கு அட்லாண்டிக்கில் ஆள் குடியில்லாத ஒரு தீவுக்கு ஒரு குழு போய்க் கூடாரம் போட்டு, பத்து நாள் அங்கிருந்து ஒலிபரப்பியது. அந்தத் தீவை எண்பது மீட்டரில் நான் பிடித்ததில்லை. திருவெறும்பூர் சாரும் பிடித்ததில்லை.

சார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் லைசென்ஸ் பரீட்சை எழுதினோம். வேடிக்கையாக இருக்கட்டும் என்று கால்சைனும், அதாவது ரேடியோவில் எங்களைக் குறிக்கும் அடையாள எழுத்துக்களும், ஒரே மாதிரி கேட்டு வாங்கினோம், கடைசி எழுத்து மட்டும் வேறு. எனக்கு எஸ், அவருக்கு எச். மோர்ஸில் எஸ் என்றால் மூன்று புள்ளி, எச் என்றால் நான்கு புள்ளி. அதாவது எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு புள்ளி. அறிவாளிகள் என்று அப்போது எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

தை பிறந்ததும் சார் பெங்களூருக்கு, மகள் வீட்டுக்கே குடிபோவதாக இருந்தார். ஒன்பதாவது மாடி. கம்பி, கிம்பி எதுவும் கட்டக் கூடாது என்று அந்த அடுக்குமாடி அசோசியேஷன் முன்கூட்டியே சொல்லிவிட்டது. "இந்த ஒரு தீவு எண்பதுல கிடைச்சிட்டா திருப்தியா மூட்டை கட்டிடுவேன் மேடம்" என்று தினமும் போனில் சொல்வார். எனக்கு அதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

மார்கழியில் இன்னொரு தொல்லை உண்டு. தெருவெல்லாம் சீரியல் விளக்கு. அந்த விளக்குகளின் மலிவு அடாப்டர்கள் என் ரிசீவரில் கொர்ரென்று இரையும். எதிர்வீட்டு மாமியிடம் போய், "மாமி, கார்த்தால ஒரு மணி நேரம் மட்டும் அணைச்சு வைக்கறேளா?" என்று கெஞ்சினேன்.

"பெருமாளுக்குப் போட்ட வெளக்கை ஒன் ரேடியோவுக்காக அணைக்கச் சொல்றயா? நன்னா இருக்கு போ!" என்றாள். ஆனால் கோலம் போட்டு முடிக்கிற வரைக்கும் அணைத்து வைத்தாள்.

குழு கிளம்ப அன்றையதையும் சேர்த்து மூன்று விடியல் பாக்கி. அன்றைக்கு ஒரு பக்கம் ஒலிபெருக்கியில் திருப்பாவை, ஒரு பக்கம் என் ஹெட்போனில் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு அடியில் தீவு மெல்லியதாகக் கேட்டது. நான் கூப்பிட்டேன். திருவெறும்பூரில் சாரும் கூப்பிட்டிருக்கிறார். தீவிலிருந்து பதில் வந்தது. எங்கள் கால்சைனேதான், கடைசியில் மூன்று புள்ளி. எனக்கு அப்படித்தான் கேட்டது. சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டால்தான் தொடர்பு கணக்கில் சேரும்; என் ரிப்போர்ட்டை அடித்தேன். நிச்சயத்துக்காக என் கால்சைனையும் இன்னொரு முறை சேர்த்து அடித்தேன். நன்றி என்று வந்தது. முடிந்தது.

ஹெட்போனைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. "மேடம், கிடைச்சிடுச்சு! என்னைக் கூப்பிட்டுட்டான்!" என்றார் சார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நான் முடித்த அதே நிமிஷம். "எனக்கும் அப்பதான் சார் கிடைச்சுது" என்றேன். தீவு ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பதில் சொல்லும்; பட்டியல் வரட்டும் என்று போனை வைத்தோம்.

யார் யாரோடு தொடர்பு கிடைத்தது என்ற பட்டியலைக் குழு தினமும் சாயங்காலம் இணையத்தில் போடும். அதில் எஸ் இருந்தது. எச் இல்லை.

சார்தான் முதலில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "உங்க பேர்தான் இருக்கு. சந்தோஷம்ங்க. நான்தான் ஆசையில நாலு புள்ளியா கேட்டிருக்கேன். நம்ம கம்பி அவ்வளவு தூரம் எட்டலை போலருக்கு" என்றார். குரலில் பொறாமை துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் எப்போதும் லேப்டாப்பில் பதிவு செய்வேன். அன்று இரவு அதைப் போட்டுக் கேட்டேன். இரைச்சலை வடிகட்டி, வேகத்தைக் குறைத்து மறுபடியும் கேட்டேன். நான்கு புள்ளி. சந்தேகமே இல்லை. தீவுக்காரர் கூப்பிட்டது சாரைத்தான். குறுக்கே நான் புகுந்து என் கால்சைனை அடித்ததால் எச் என்று எழுதியதை எஸ் என்று திருத்திக்கொண்டிருக்கிறார்.

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். பட்டியலில் இருப்பதுதான் கணக்கு, நான் வேண்டுமென்று செய்யவில்லை, இப்போது சொல்லி அவர் மனதை எதற்குக் கெடுப்பது என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். உண்மை என்னவென்றால், கிடைத்ததை விட மனமில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. அந்த இரண்டு விடியலிலும் ரேடியோப் பக்கம் போகாமல் போர்வைக்குள் விழித்துக்கொண்டு கிடந்தேன்.

குழு கூடாரத்தைப் பிரித்துவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் மனசு அரித்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துத் திருவெறும்பூர் போனேன். சார் வாசலில் உட்கார்ந்து, இறக்கிய செப்புக் கம்பியை வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். லேப்டாப்பைத் திறந்து பதிவைப் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் போடச் சொன்னார். கடைசி எழுத்து வரும்போது முழங்காலில் விரலால் தட்டி எண்ணினார். நான்கு.

"நாலுதாங்க" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்ம சிக்னல் அங்க வரைக்கும் போயிருக்கு!"

"ஆமா சார். நான்தான் குறுக்க அடிச்சுக் கெடுத்துட்டேன். குழுவுக்கு எழுதி என் பேரை எடுக்கச் சொல்லிடறேன்."

"எடுத்தா மட்டும்? என் ரிப்போர்ட் அவன் காதுல விழலையே. அது கணக்குல வராது, விடுங்க." கம்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதை எப்பக் கேட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "அன்னைக்கு ராத்திரியே கேட்டுட்டேன் சார்" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. மடியிலிருந்த கம்பியைப் பார்த்தார்.

"அங்க வரைக்கும் எட்டலைன்னு நெனச்சுல்ல மேடம் மறுநாள் கூப்பிட்டுக்கூடப் பாக்காம இதை எறக்கிட்டேன்" என்றார். "இன்னும் ரெண்டு விடியல் இருந்துச்சே."