நமுத்துப் போன மாத்திரை

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாவதோட படிப்பு நின்னுபோச்சு. எந்த வருஷம், எந்த மாசம்னு இப்போ ஞாபகமும் நிக்கறதில்லை. பொறுத்துக்குங்க. வாய்விட்டுக் கேக்க வெக்கமா இருக்கு, அதான் எழுதறேன்.

என் தங்கச்சிக்கு மார்ல கட்டி வந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தினாங்க. பொன்னேரியில ரயில் ஏறிப் போய் வருவோம். முடி கொட்டிச்சு, விரலெல்லாம் மரத்துப்போச்சு, ஆனா கட்டி கரைஞ்சுது. ஆபரேஷன் முடிஞ்சு, தினம் ஒரு மாத்திரை வருஷக்கணக்கா விடாம முழுங்கணும்னு குடுத்தாங்க. அவ மாமியார் அம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்க.

மரத்த விரலால அவளுக்கு அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க வரலை. ஒருநாளும் தவறக்கூடாதேன்னு ஒரு மாசத்துக்கானதை நானே பிதுக்கி, டப்பாவுல போட்டுத் தலைமாட்டுல வெச்சேன். எங்க ஊருக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. அப்பளம் ஒரு பொழுது தாங்காது. ஐப்பசி மழையில பார்த்தா மாத்திரை நமுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சு. வீணாக்க மனசு வரலை. முறத்துல கொட்டி வெயில்ல காயவெச்சு அதையே குடுத்தேன். மாமியார் பார்த்துக்கினுதான் இருந்தாங்க.

ரெண்டு மழை கழிச்சு நோவு திரும்பி முதுகெலும்புக்கு வந்துச்சு. எந்த மருந்துக்கும் கேக்கலை. டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க: "அம்மா, மருந்து வேகமாப் பெருகற செல்லைத்தான் அதிகமாக் கொல்லும். சில செல் விதை மாதிரி. சத்தமில்லாம தூங்கும். மருந்து உள்ளே வந்தாலும் வெளியே தள்ளிடும். அப்புறம் எழுந்து புதுசாக் கட்டியை வளர்க்கும்."

எனக்குப் புரிஞ்சுது. ஏரியில வலை கட்டினா ஓட்டத்துல வர்ற இறால்தான் விழும், சேத்துல புதைஞ்சு கிடக்கறது விழாது. மாத்திரை நமுத்ததாலயா வந்துச்சுன்னு அப்பவே கேட்டிருக்கலாம். தங்கச்சி பக்கத்துல உக்காந்திருந்தா. டாக்டரம்மா ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றது? கேக்காம வந்துட்டேன்.

அவ போனப்புறம், காரியத்தன்னிக்கு, பத்துப் பொம்பளைங்க முன்னாடி மாமியார் ஆரம்பிச்சாங்க.

"கருவாடு காயவெக்கத் தெரிஞ்சவளுக்கு, மருந்து நமுக்கக் கூடாதுன்னு தெரியலியாடி?"

"அது இல்ல அத்தை. விதை மாதிரி செல்லு உள்ளயே தூங்கிக்கினு இருந்துச்சாம்..."

"செல்லு தூங்குச்சா, நீ தூங்கினியா?"

எழவு வீடுன்னும் பார்க்காம ரெண்டு பேர் சிரிச்சாங்க. தங்கச்சி புருஷன் கேட்டுக்கினே நின்னான். இப்போ வழியில பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கறான். கட்டி கரைஞ்சதுக்குப் பேரு அவங்க ஊத்தின கூழுக்கு. திரும்பி வந்ததுக்கு மட்டும் நான்.

படிச்சவங்க யாராவது விசாரிச்சுப் பாருங்க. டாக்டரம்மா சொன்னதை நான் சரியா எழுதியிருக்கேனா? நமுத்தா மாத்திரைக்கு வீரியம் போயிடுமா? மனசு நோகுமேன்னு மறைக்க வேணாம். போகும்னா, போகும்னே சொல்லுங்க.