எவ்வளவு குறைத்தால் அணையும்

இயந்திரச் சோதனைக்கூடத்தில் அவனுக்கு எமன் என்று பெயர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். நாள் முழுக்கத் தீயை அணைப்பதுதான் அவன் வேலை.

நீளமான இரும்புக் குழாய்க்குள் காற்று சீறிப் பாயும். அந்த வேகத்தில் எந்தத் தீயும் நிற்காது. அதனால் நடுவில் ஒரு முக்கோண இரும்புக் கட்டையைக் குறுக்கே வைத்திருப்பார்கள். கட்டையின் முதுகுப்புறத்தில் காற்று மட்டுப்படும், எரிந்த சூடான வாயு அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். புதிதாக வரும் வாயுவைப் பற்றவைப்பது அந்தச் சூடுதான். அவன் கண்ணாடி வழியே பார்த்தபடி எரிவாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பான். தீ மெலியும், ஆங்காங்கே பிய்யும், அணைவதுபோல் போய்த் திரும்பப் பற்றும். பிறகு ஒரேயடியாகப் பிடி விட்டுப் போய்விடும். எந்த அளவில் போனது என்று அதிகாரியிடம் சொல்வான்.

இதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பாவி, வீட்டிலும் ஆரம்பித்தான். எவ்வளவு குறைத்தால் மனைவி போவாள் என்று பார்க்கும் ஆசை வந்துவிட்டது. அவள்மேல் கோபமெல்லாம் கிடையாது. கோபமாவது இருந்திருக்கலாம்.

முதலில் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினான். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவதை. பிறகு பேச்சையே. அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது அவளைத் தாண்டிப் போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டான். இரண்டு முறை அக்கா வீட்டுக்குப் போனாள், இரண்டு முறையும் ஒரு வாரத்துக்குள் திரும்பினாள். கதவைத் திறந்துவிட்டு மனசுக்குள் சிரித்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் குறைக்கலாம் என்று தோன்றியது.

பின்னறையில் அவன் அப்பா இருந்தார். தையற்காரர், கால் விளங்காமல் போனவர், வாய் மட்டும் ஓயவில்லை. மருமகள் உடம்பு துடைத்துவிடும்போது, “எம் புள்ளைக்கு வாய் எதுக்குன்னா, கொட்டாவி விடத்தாம்மா” என்பார். அவள் சிரித்துவிடுவாள். அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அவ்வளவுதான்.

அவரும் செத்துப்போனார். அடக்கம் முடிந்த மறுநாள் அவள் பையில் துணிகளை அடுக்கினாள். பல மாதம் கழித்து அவன் வாயைத் திறந்தான்.

“எங்க போறே?”

“அக்கா வீட்டுக்கு. மாமா போயிட்டாரு. இனிமே எனக்கு இங்க என்ன இருக்கு?”

“போன ரெண்டு தடவ மாதிரி திரும்பி வந்து நிக்கப்போறே.”

அவள் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ரெண்டு தடவையும் மாமா போன் பண்ணினாரு. இங்க பேச ஆளில்லம்மான்னு அழுதாரு. அவருக்காக வந்தேன். உங்களுக்காகன்னா நெனச்சீங்க?”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “அப்பா அழுதாரா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.”

“சொன்னாரே. தெனமும் கூப்பிட்டாரு. என்னைப் பாக்காத மாதிரியே அவரையும் பாக்காம போனீங்க. என்னால போக முடிஞ்சுது, போனேன். அவரால எழுந்து போக முடியல, அவ்வளவுதான்.”

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.