மஞ்சள் தண்ணீர் வந்து சேர்ந்த நாள்

நான் ஒரு வீட்டை வாங்க முடிவு செய்தது அதன் செப்டிக் டேங்கின் அழகில் மயங்கித்தான். அது செப்டிக் டேங்க் என்று அப்போது தெரியாது என்பது மட்டுமே என் தரப்பு வாதம்.

சின்னமனூரில் வயலை ஒட்டிய வீடு. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், மகளோடு போய் இருப்பதற்காக அதை விற்றார். கொல்லையில் வழவழவென்று ஒரு சிமெண்டு மேடை. அதில் சம்மணமிட்டு, மேகமலையைப் பார்த்தபடி டீச்சர் தந்த காபியைக் குடித்தேன். மிச்ச ஆயுளில் அங்கே உட்கார்ந்து வாசிக்கப்போகும் புத்தகங்களை மனதுக்குள் அடுக்கியும் முடித்தேன்.

என் மனைவிக்கு இலக்கிய ஆர்வம் குறைவு. "டீச்சர், டேங்கு எங்கன இருக்கு?" என்றாள்.

"சார் உக்காந்திருக்காகளே, அதுதேன்."

நான் எழுந்த வேகத்தில் காபி வேட்டிக்குப் போனது.

பத்திரம் மனைவி பெயரில்தான். "தெறந்து பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். டீச்சர் முகம் வாடியது. எனக்கும்தான். வேட்டி நனைந்த பிறகும் அந்த வீட்டை விட மனசில்லை.

மறுநாள் அவள் கூட்டிவந்த கொத்தனார் வயலைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல நேரத்துலதேன் கூப்பிட்டிருக்கீக. கோடையில எல்லா டேங்கும் உத்தமந்தேன். இப்ப வயல்ல தண்ணி நிக்கிது. வெடிப்பு இருந்தா உள்ள ஊறி வந்து காட்டிக் குடுத்துரும்."

லாரி வந்து உறிஞ்சிக் காலி செய்தது. டேங்கின் திறந்த வாயிலிருந்து எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கொத்தனார் ஒரு மணி நேரம் காக்க வைத்தார். பக்கத்து வீட்டார் நாற்காலியோடு வந்தார்கள். டீச்சர் ஜெபமாலை உருட்டினார். நான் நாத்திகன், கொத்தனார் டார்ச் அடித்தபோது மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"காஞ்சு கெடக்கு!" என்றார்.

மனைவி விடவில்லை. "குழாயில அடைப்பு இருந்தா?"

கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் கொடுத்தார். அவள் அதை எடுத்துப் போய்க் கக்கூசில் ஊற்றினாள். வெளியே நாங்கள் மூச்சடக்கி நின்றோம். டேங்குக்குள் நீட்டியிருந்த குழாய் முதலில் கனைத்தது. பிறகு தயங்கித் தயங்கி, வெயில் பட்டுத் தங்கமாக, விழுந்தது பாருங்கள் தண்ணீர்!

"வந்துருச்சு!" என்று கத்திக் கைதட்டினேன். நாற்காலிக்காரர்களும் தட்டினார்கள். வாளியோடு ஓடிவந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரி, பத்திரத்தை எழுதச் சொல்லுங்க."

பதிவு முடிந்து சாவி வாங்கும்போது, அந்த மஞ்சள் அருவியை டீச்சரிடம் மறுபடி வர்ணித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"முப்பது வருசமா அப்பிடித்தேன் சார் போய்க்கிட்டு இருந்துச்சு" என்றார். "நாங்க ஒரு நாளும் கைதட்டுனதில்ல."